பெட்டி போனால் பதிவும் போச்சு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிவி பதிவுகளைப் பற்றியே இருக்கின்றன. மொபைல், வைஃபை என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கேசட் கடை வைத்திருந்தவனிடம் கேசட்டைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவான். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சில வருஷங்களுக்கு முன் ஒரு சேனலின் பாட்டுப் போட்டியில் பாடினாள். டிடிஎச் பெட்டியில் பென் டிரைவ் செருகி அதைப் பதிந்து வைத்தேன். போன மாதம் பெட்டி பழுதாகிப் புதிது வாங்கினோம். அதில் பென் டிரைவ் ஓடவில்லை. லேப்டாப்பில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. செய்யலாமா? (வாசகி, திண்டுக்கல்)

செய்யவே செய்யாதீர்கள் அம்மா. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். பென் டிரைவ் கெட்டுப்போகவில்லை. பல செட்டாப் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். பென் டிரைவையும் அவை தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். விண்டோஸுக்கு அது புரியாது. புரியாததைப் பார்த்தால் ஃபார்மட் செய்யவா என்று கேட்பது அதன் பழக்கம்.

லினக்ஸ் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் உள்ளே இருக்கும் ஃபைலைக் காட்டித் தருவான். ஆனால் ஓட்ட முடியாது. பெட்டி பதியும்போதே தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு சாவியால் ஃபைலைப் பூட்டித்தான் எழுதுகிறது. அதே கம்பெனி, அதே மாடல் பெட்டி என்றாலும் திறக்காது. சிலவற்றில் ரீசார்ஜ் முடிந்தாலே பழைய பதிவும் ஓடாது. காசு நீங்கள் கொடுத்தீர்கள், பென் டிரைவ் உங்களுடையது, பாடியது உங்கள் மகள், சாவி மட்டும் அவர்களுடையது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. என்றாலும் நிலைமை இதுதான்.

அதனால் நான் கேட்கும் ஒரே கேள்வி: பழைய பெட்டி எங்கே? வீட்டில் இருந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அடியில் போட்டிருக்கும் அதே வோல்ட், அதே அளவு முனை, ஆம்பியர் குறையாமல் இருக்க வேண்டும். பெட்டி செத்துவிட்டது என்று கொண்டுவந்தவர்களுக்கு அடாப்டரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியதுண்டு. உயிர் வந்தால் பென் டிரைவைச் செருகி ஓட்டிப் பாருங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் மறுக்கலாம், முயல்வதில் நஷ்டமில்லை. ஓடினால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரை ஒரு யூஎஸ்பி கேப்சர் கார்டு (ஓடும் படத்தை லேப்டாப்பில் ஃபைலாகப் பதியவைக்கும் சின்னக் கருவி) வழியாக லேப்டாப்பில் கொடுத்து, ஓட ஓடப் பதிந்துவிடுங்கள். எச்டிஎம்ஐ வழியாக எடுத்தால் படம் இன்னும் தெளிவாக இருக்குமே என்று தோன்றும். அந்த வழியிலும் காப்புப் பூட்டு உண்டு, கார்டில் கறுப்புத் திரைதான் வரும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால் பென் டிரைவை மறந்துவிடுங்கள். சேனலின் யூடியூப் பக்கத்திலும் ஆப்பிலும் தேடுங்கள். அப்புறம், உங்கள் மகளோடு பாடிய பிள்ளைகளின் வீட்டில் கேளுங்கள். போட்டிக்குக் கூட்டிப்போன பெற்றோருக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இல்லாமலா இருக்கும்? யாராவது டிவி முன்னால் போனைப் பிடித்து எடுத்திருப்பார்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் பதிவது நாளைக்குப் பார்ப்பதற்கு மட்டும்தான், பத்து வருஷம் கழித்துப் பார்ப்பதற்கு இல்லை. விதிவிலக்கு, டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்கள். சாதாரண ஃப்ரீ டு ஏர் பெட்டியில் பதிந்தால் பெரும்பாலும் டிஎஸ் என்று முடியும் ஃபைல் கிடைக்கும், லேப்டாப்பில் விஎல்சி என்கிற இலவச பிளேயரில் அப்படியே ஓடும். பென் டிரைவ் ஃபேட்32 என்கிற முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது, துண்டு துண்டாக வரும். எல்லாத் துண்டையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

எங்கள் தாத்தா எண்பதுகளில் தூர்தர்ஷனின் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் பேசினார். மாமா அதை விஎச்எஸ் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். இப்போது கேசட் என் கையில். பிளேயரும் பரணில் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

போடாதீர்கள். முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக, தூசு படிந்த மாதிரி இருந்தால் அது பூஞ்சை. டெல்டா ஈரத்தில் சகஜம். அந்தக் கேசட்டைப் பிளேயரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சை இருந்தால் டேப்பைத் துடைத்து மாற்றித்தரத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கல்யாண வீடியோவை மாற்றித்தரும் ஸ்டுடியோக்களில் விசாரியுங்கள். துடைத்துவிட்டுத்தானே போடுவீர்கள் என்று கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள்.

பூஞ்சை இல்லை என்றால் அடுத்தது கேசட்டின் முதுகு. இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேலே எதையும் பதிய முடியாது. உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தால் வயிற்றில் புளி கரைக்கும். யாரோ அதற்கு மேல் வேறு எதையோ பதிந்திருக்கலாம் என்று அர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கிரிக்கெட் வந்த கேசட்டுகளைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பிளேயர். பரணில் கிடந்த மெஷினின் ரப்பர் பெல்ட் இளகியோ இறுகியோ போயிருக்கும். மெக்கானிக்கிடம் பெல்ட் மாற்றி, ஹெட்டைத் துடைத்து வாங்குங்கள். நீங்களே துடைப்பதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைத் தாளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் டிரம் மேல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் அசையக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை உடைந்துவிடும், அப்புறம் மெஷின் பழைய இரும்புக்குத்தான். புதிதும் கிடைக்காது. கடைசிவரை விஎச்எஸ் பிளேயர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமா கேசட்டை ஓட்டிப் பாருங்கள். அது சுருட்டாமல் கடித்துத் துப்பாமல் ஓடினால்தான் தாத்தா. அவரையும் உடனே பிளே செய்யாதீர்கள். ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசிவரை ஓட்டி, மறுபடி முழுக்க ரீவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுருள் இளகும்.

கேப்சர் செய்யும்போது ஒரு சங்கதி. கார்டோடு வரும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். நம் ஊர்ப் பதிவு பால் (PAL) என்கிற முறை. மாற்றாமல் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். கேசட் போய்விட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. செட்டிங்கில் பால், 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள். 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) அளவில் பதிந்தால் மணிக்குச் சுமார் 2.25 ஜிபி ஆகும். 3 மணி நேரக் கேசட் 7 ஜிபிக்குள் அடங்கும். முடிந்த பிறகும் கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். நாக்கை உடைத்து, புத்தகம் போல நிறுத்தி, அரிசி மூட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

என் கணவர் பதிந்த கேசட்டுகள் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. பாதி சினிமா, பாதி செய்தி, விளம்பரம். எதை வைத்துக்கொள்வது? (வாசகி, கோவை)

சினிமாவைத் தூக்கிப் போடுங்கள். அதைவிட நல்ல பிரிண்ட் எங்காவது கிடைக்கும். செய்தியும் விளம்பரமும்தான் வேறெங்கும் கிடைக்காது. அதைத்தான் எல்லாரும் முதலில் அழிக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்கிற அம்மாள், எழுபதுகளின் கடைசியிலிருந்து 2012இல் இறக்கும்வரை டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட். வீட்டில் என்ன பேச்சு வாங்கினாரோ! இன்று அவை, பழைய பதிவுகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற அமைப்பிடம் இருக்கின்றன. உங்கள் கணவர் அந்த அளவுக்குப் போகவில்லை என்று சந்தோஷப்படுங்கள். சன் டிவி தொடங்கிய 1993ஐ ஒட்டிய வருஷங்களின் தேதி ஏதாவது லேபிளில் இருந்தால் அவற்றை மட்டும் முதலில் தனியே எடுத்து வையுங்கள். வீட்டு மனிதர்கள் திரையில் வரும் கேசட் எதுவானாலும் அதற்கும் முன்னால்.

மாற்றிய ஃபைல்களை டிவிடியில் எழுதி வைத்தால் போதுமா? (வாசகர், வேலூர்)

போதாது. நாம் எழுதும் டிவிடியில் படம் நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலிலும் வெக்கையிலும் அது வெளுக்கும். தவிர, டிவிடி போட இடமுள்ள லேப்டாப்பே இப்போது அரிது. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று தங்கை வீட்டில். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் அது ஒரு பிரதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரொம்ப முக்கியமான ஒன்றிரண்டு ஃபைலைக் கூகுள் டிரைவிலும் போடலாம், 15 ஜிபிவரை காசில்லை. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முதலில் எழுதுங்கள், யார் வருகிறார்கள் என்பதையும் சேருங்கள். ‘நியூ வீடியோ 2’ என்று வைத்தால் உங்களுக்கே தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் டிஸ்க்கை எடுத்து ஏதாவது ஒரு ஃபைலைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் பதிவது குற்றமா? யூடியூபில் போடலாமா? (வாசகர், காரைக்குடி)

சொந்தமாகப் பார்ப்பதற்குப் பதிந்துகொள்வதை 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமே 39ஆவது பிரிவில் ஒத்துக்கொள்கிறது. யூடியூபில் போடுவது சொந்த உபயோகம் இல்லை. தாத்தா பேசிய 5 நிமிஷத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பியதற்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை என்றாலும், முழு எபிசோடை ஊருக்குத் திறந்துவிடாதீர்கள்.

மாமியார் தினமும் சீரியலைப் பதியச் சொல்கிறார். 32 ஜிபி பென் டிரைவ் வாரத்தில் நிரம்பிவிடுகிறது. எவ்வளவு பெரியது வாங்கலாம்? (வாசகி, நாகர்கோவில்)

எதுவும் வாங்காதீர்கள். பார்த்து முடித்த எபிசோடை அழிக்க அவருக்கே கற்றுக்கொடுங்கள். ரிமோட்டில் அழிக்கும் பட்டன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.