நிழலான தோட்டத்தில் எந்தப் பூச்செடி நன்றாகப் பூக்கும்?

ஒரு பக்கம் உயரமான மதில், இன்னொரு பக்கம் பெரிய மரம், வெயில் அதிகம் படாத இடத்தில் என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கின்றன. ஆனால் செடி வாங்கப் போகும் முன், உங்களுடையது எந்த மாதிரி நிழல் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் வெளிச்சம் தாராளம். கலங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியவில்லையென்றால் அங்கே பூவுக்கு ஆசைப்பட வேண்டாம், பெரணி மாதிரி இலைச்செடிகளுக்கு விட்டுவிடுங்கள்.

இலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெயில் இறங்குகிற இடமோ, காலையில் 2, 3 மணி நேரம் இளவெயில் வருகிற இடமோ இருந்தால், நான் முதலில் சொல்வது கனகாம்பரம். உச்சி வெயில் படாத இடத்தில் இதன் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். கதிரில் அடியிலிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் புதுக்கதிர் வரும். ஒன்றிரண்டை மட்டும் காயவிடுங்கள். காய்ந்த காயில் தண்ணீர் பட்டதும் படக்கென்று வெடித்து விதை தெறிக்கும். அப்புறம் நாற்று தானாகவே முளைக்கும், அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

பிகோனியா, டோரேனியா, டிசம்பர் பூ, காசித்தும்பை இவையும் அரைநிழலுக்கு ஏற்றவை. அதைவிட வெளிச்சம் குறைந்த மூலைக்கு பீஸ் லில்லி. அதில் நாம் பூ என்று நினைக்கும் வெள்ளை மடல் உண்மையில் உருமாறிய இலை. நடுவிலிருக்கும் தண்டில் நெருக்கமாக ஒட்டியிருப்பவைதான் பூக்கள். மடல் வாரக்கணக்கில் நிற்கும், பழசானதும் பச்சையாக மாறும். நிழலில் வெள்ளையும் வெளிர் நிறங்களும்தான் எடுப்பாகத் தெரியும், அடர்சிவப்பு தூரத்திலிருந்து பார்த்தால் மங்கிவிடும்.

ரோஜாவும் செம்பருத்தியும் இந்த இடத்துக்கு வேண்டாம். தினமும் 5, 6 மணி நேர வெயில் இல்லாவிட்டால் அவை நெடுநெடுவென்று வளருமே தவிர, பூ சரியாக வராது. பூக்கவில்லையே என்று தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் இன்னும் இலைதான் வரும்.

தண்ணீர் விஷயத்தில் மதிலடியும் மரத்தடியும் ஒன்றல்ல. மதிலோரத்தில் மண் மெதுவாகக் காயும், தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மரத்தடியிலோ நாம் ஊற்றுவதை மரத்தின் வேர் இழுத்துக்கொள்ளும், நிழலாக இருந்தும் மண் வறண்டே கிடக்கும். வேரை வெட்டிக் குழி தோண்டாமல், அங்கே மட்டும் தொட்டிகளில் வைத்துவிடுங்கள்.