கணையத்தில் நீர்க்கட்டி: சிடியா, எம்ஆர்ஐயா, ஊசியா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, கணையத்தின் நடுப்பகுதியில் 2.2 செ.மீ. நீர்க்கட்டி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வலியோ காமாலையோ இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். ஒரு டாக்டர் சிடி எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எம்ஆர்ஐ என்கிறார். கோவையில் இருக்கும் மாமா, ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்துவிடலாமே என்கிறார். ஒவ்வொன்றுக்கும் மலை இறங்கி ஏற வேண்டும். வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். எதை முதலில் எடுப்பது?

பதில்: எம்ஆர்ஐ எடுங்கள். அதோடு சேர்த்து, பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் காட்டும் எம்ஆர்ஐ முறையான எம்ஆர்சிபியும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மெஷினில், ஒரே முறை படுக்கும்போது முடிந்துவிடும். ஊசி இப்போது வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். கணைய நீர்க்கட்டி என்பது ஒரே நோய் அல்ல. கணையம் வீங்கி ஆறிய பிறகு நீர் தேங்கி உருவாவது ஒரு வகை. தெளிந்த நீர் நிறைந்த சின்னச் சின்ன அறைகளாக, தேனடை போலத் தெரிவது இன்னொன்று. இது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மூன்றாவது, சளி போன்ற மியூசின் சுரக்கும் கட்டிகள். இவற்றில் ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். ஆகவே இப்போது தெரிய வேண்டியவை இரண்டு: அம்மாவுடையது மியூசின் வகையா? அப்படியென்றால், கவலைப்படும்படி அதில் ஏதாவது இருக்கிறதா?

சாதாரண வயிற்று ஸ்கேனால் இதைச் சொல்ல முடியாது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. குடலில் காற்று இருந்தால் பாதி மறைந்துவிடும். கட்டியைக் கண்டுபிடித்ததோடு அதன் வேலை முடிந்தது.

மியூசின் கட்டிகளில் அதிகம் பார்ப்பது கணையக் குழாயின் கிளைகளில் வருபவை. கட்டிக்கும் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் அவற்றை அடையாளம் காட்டும். அந்த மெல்லிய தொடர்பை நன்றாகக் காட்டுவது எம்ஆர்சிபி. அசையாமல் நிற்கும் நீரை மட்டும் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும் முறை அது. பித்தக் குழாய், கணையக் குழாய், கட்டி மூன்றும் கறுப்புப் பின்னணியில் கோடுகோடாகத் தெரியும். உள்ளே இருக்கும் தடுப்புகளும் சிறு முடிச்சுகளும் சிடியை விட இதில் தெளிவு. முடிச்சுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க, முதல் தடவை கான்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று தெரிய ரத்த நாளத்தில் செலுத்தும் மருந்து) போட்டு எடுப்பது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரிக் கட்டியைப் பல வருடங்கள் கண்காணிக்க வேண்டி வரலாம். சிடியில் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு. எம்ஆர்ஐயில் அது இல்லை.

சிடி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புப் படிவைக் காட்டுவதில் அதுதான் கெட்டிக்காரன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மது குடிக்காதவர்களுக்கே கணையத்தில் கல் சேரும் நாள்பட்ட அழற்சி உண்டு. சர்க்கரை நோயும் அதனால் வரலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் சிடி உதவும். எம்ஆர்ஐக்கு ஒத்துவராத பேஸ்மேக்கர் இருப்பவர்கள், எம்ஆர்ஐ குழலுக்குள் படுக்கவே முடியாதவர்கள், அவசரமாக வயிற்று வலியோடு வருபவர்கள், அறுவை சிகிச்சைக்கு ரத்தக் குழாய்களை அளந்து பார்க்க வேண்டியவர்கள், இவர்களுக்கும் சிடிதான். எடுப்பதானால் கணையத்துக்கென்று மெல்லிய துண்டுகளாக, கான்ட்ராஸ்ட் போட்டு இரண்டு கட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக எடுத்த வயிற்று சிடியை வைத்துக்கொண்டு எங்களால் அதிகம் சொல்ல முடிவதில்லை.

சரி, மாமா சொன்ன ஊசிக்கு வருவோம். இது வெளியிலிருந்து குத்துவது அல்ல. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அதன் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை இரைப்பைச் சுவரில் வைத்து, கணையத்தை ஒட்டி நின்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஊசியால் நீரை உறிஞ்சுவார்கள். எடுத்த நீரில் ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்லப் பிரித்தால், மியூசின் இருக்கும்போது ஒரு செ.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ நூலாக நீளும். லேபில் சிஇஏ என்ற புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டினால் மியூசின் பக்கம் சாயும். குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலும் அப்படியே. அமைலேஸ் என்ற கணைய நொதி லிட்டருக்கு 250 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் அழற்சியால் வந்த நீர்த்தேக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. இவ்வளவு பயனுள்ள சோதனைதான். ஆனால் மயக்கம் கொடுக்க வேண்டும். அபூர்வமாகக் கணைய அழற்சி, ரத்தக் கசிவு, கிருமித் தொற்று வரலாம். அதனால் முடிவை மாற்றும் என்றால் மட்டுமே செய்ய வேண்டும்: கட்டி 3 செ.மீ. அல்லது அதற்கு மேல், முக்கியக் குழாய் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிவு, சுவர் தடிப்பு, உள்ளே முடிச்சு, வேகமான வளர்ச்சி இவற்றில் ஏதாவது தெரிந்தால். குழாய் 10 மி.மீ. அளவுக்கு விரிந்திருந்தாலோ, கட்டி அழுத்திக் காமாலை வந்தாலோ நேராக அறுவை சிகிச்சை நிபுணரிடம் பேச வேண்டிய நிலை.

படத்தைப் பார்ப்பவரிடம் சில விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது கடுமையான வயிற்று வலியால் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா? சர்க்கரை சமீபத்தில்தான் வந்ததா, அல்லது திடீரென்று கட்டுக்கடங்காமல் போனதா? எடை குறைந்திருக்கிறதா? இவை தெரியாவிட்டால் நல்ல படத்தையும் தவறாகப் படிக்க நேரும்.

இனி பயணம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கான்ட்ராஸ்டோடு எம்ஆர்சிபி எடுக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள். கோவைக்குத்தான் போக வேண்டுமென்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கோத்தகிரியிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள். அது இல்லாமல் கான்ட்ராஸ்ட் போடத் தயங்குவார்கள். எம்ஆர்ஐக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். மூச்சை அடக்கி அசையாமல் படுக்கவும் வேண்டும். மேட்டுப்பாளையம் வரை வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்தவரை உடனே படுக்க வைத்தால் படம் கலங்கிவிடும். முந்தின நாளே மாமா வீட்டுக்குப் போய்விடுங்கள், அல்லது மதிய நேரம் வாங்குங்கள். சர்க்கரை மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மையங்களில் அன்னாசிச் சாறு குடிக்கத் தருவார்கள். அதிலிருக்கும் மாங்கனீசு, இரைப்பை நீரின் வெளிச்சத்தைப் படத்தில் அடக்கும். சர்க்கரை இருப்பதை அப்போது சொல்லுங்கள்.

எம்ஆர்ஐயில் பயப்படும்படி ஒன்றும் இல்லையென்றால், இந்த அளவுக் கட்டிக்கு 6 மாதம் கழித்து மறுபடி ஒரு எம்ஆர்ஐ, இன்னும் 6 மாதத்தில் ஒன்று, மாற்றம் இல்லாவிட்டால் அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. முடிந்தவரை அதே மையத்தில் எடுங்கள். ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு முறை எம்ஆர்ஐ, அடுத்த முறை வயிற்று ஸ்கேன் என்று மாற்றி எடுத்தால் 2 மி.மீ. வித்தியாசம் வளர்ச்சியா, அளந்த முறையா என்று சொல்ல முடியாது.

ஊசிச் சோதனை என்றாவது தேவைப்பட்டால், அன்றிரவு மலை ஏறாதீர்கள். அழற்சி வந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களில் மேல் வயிற்றில் வலி எடுத்து முதுகுக்குப் பரவும். அப்போது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும்.