சயின்ஸ் டீச்சர் ஒருத்தர் விஞ்ஞானிகளோட சேர்ந்து சதுப்பு நிலத்துல பூச்சி ஆராய்ச்சிக்குப் போனா அங்க உண்மையில என்ன வேலை இருக்கும்?

கேள்வி கேட்டவங்க, ஸ்கூல் டீச்சர், பூச்சி பத்தி தனியா படிச்சதில்ல, ஒரு டீம் கூப்பிடுது, போனா நம்மளால ஏதாவது பிரயோஜனம் உண்டா இல்ல சும்மா நிக்க வேண்டியதானான்னு கேட்டிருக்கீங்க. போங்க, தாராளமா போங்க. நான் ராமநாதபுரம் கடலோரத்துல ஒரு அரசுப் பள்ளியில ஒன்பது பத்துக்கு சயின்ஸ் எடுக்கறேன். எம்.எஸ்சி. ஜுவாலஜிதான், ஆனாலும் கரப்பான் பூச்சியோட வாயுறுப்பு டயக்ராமைத் தாண்டி பூச்சி கூட சகவாசமே கிடையாது. அப்படிப்பட்ட நானே பெங்களூர்ல இருந்து வந்த ஒரு டீமோட காரங்காடு, மோர்ப்பண்ணை பக்கம் அலையாத்திக் காட்டுல சுத்திட்டு வந்தேன், அதனால அனுபவத்துலேயே சொல்றேன்.

சதுப்பு நிலம்னதும் இடுப்பளவு தண்ணி, முதலை, அட்டைப்பூச்சின்னு ஒரு நெனப்பு வரும், அதை விட்டுருங்க. எங்க பக்கம் பாக் விரிகுடா, ராமேஸ்வரத்துக்காரங்க பெண்கடல்னு சொல்றது, அலை பெருசா கிடையாது, ஏத்தவத்தமும் கம்மி. ஆத்துத் தண்ணியும் கடத்தண்ணியும் கலக்கற இடத்துல அலையாத்தி மரம், கீழ சேத்துல பென்சில் பென்சிலா நட்டுக்கிட்டு நிக்கற மூச்சு வேர், அதை ஒட்டி வெளிய வந்தா உமரிச்செடி மட்டும் முளைக்கிற உவர்மண் வெட்டவெளி, அதுக்கும் அங்கிட்டு சீமைக்கருவேலம். இவ்வளவுதான். பூச்சிக்காரங்களுக்கு இந்த மூணும் சேர்ற ஓரம்தான் முக்கியம், நடுக்காட்ட விட ஓரத்துலதான் வகை அதிகம்னு முதல்லயே சொல்லிட்டாங்க.

போறதுக்கு ஒரு வத்தை, சின்ன நாட்டுப்படகு. அதை ஓட்டின அண்ணனுக்கு அந்தக் கால்வாயில எந்த இடத்துல ஆழம், எந்த நேரத்துல வத்தும்னு அத்துப்படி. "டீச்சர், வேரை மிதிக்காதீங்க, இடுக்குல பாத்துக் காலை வைங்க"ன்னு அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைச்ச முதல் ட்ரெய்னிங். டீம்ல ஒரு பையன் முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்தான், சேறு பூட்ஸைப் பிடிச்சுக்கிச்சு, காலு மட்டும் வெளிய வந்துச்சு. வெறுங்காலும் கூடாது, ஆளி ஓடு அறுத்துரும். லேஸ் இறுக்கிக் கட்டுற கேன்வாஸ் ஷூதான் சரி. சேலை வேணாம், சுடிதாருன்னா ஷாலை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. பாத்ரூம் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், கிடையாது, காலையில கரையிலேயே முடிச்சுட்டுத்தான் வத்தையில ஏறணும், அதுக்காகத் தண்ணி குடிக்காம இருந்துராதீங்க, வெயில்ல மயக்கம் வந்துரும்.

இப்ப வேலைக்கு வர்றேன். பூச்சி ஆராய்ச்சின்னா வலையைத் தூக்கிக்கிட்டு பட்டாம்பூச்சி பின்னாடி ஓடறதுன்னு நம்ம நெனைக்கிறோம். வலை உண்டு, ஆனா பெரும்பாலும் பொறி வெச்சுட்டு வந்துடறதுதான். மலேய்ஸ் ட்ராப்னு ஒண்ணு, கொசுவலைத் துணியில தைச்ச கூடாரம், ஸ்வீடன் நாட்டு ரெனே மலேய்ஸ் 1930-கள்ல கண்டுபிடிச்சது. பறந்து வர்ற பூச்சி துணியில முட்டினா கீழ போகாம வெளிச்சத்தைப் பாத்து மேல ஏறும், மேல மூலையில ஆல்கஹால் பாட்டில், கதை முடிஞ்சுது. மஞ்ச கிண்ணம் இன்னொண்ணு. சாதா பிளாஸ்டிக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு சோப்பு விட்டு தரையில வெச்சுடறது. மஞ்ச நிறத்துக்குப் பறந்து வரும், சோப்புனால தண்ணியோட மேல்பரப்பு இழுவிசை குறைஞ்சிடறதால மிதக்க முடியாம முங்கிரும். க்ளாஸ்ல பரப்பு இழுவிசைக்கு இத்தனை வருசமா ஊசி மிதக்கறதைத்தான் காட்டிட்டு இருந்தேன்.

தரையில குழி தோண்டி கப் புதைக்கிற பொறியும் வெச்சோம், எறும்பு வண்டுக்கு. அலையாத்திக்குள்ள அது சரிப்பட்டு வரல. தண்ணி ஏறி கப்பை மூடிரும், இல்லேன்னா ஒத்தக் கை மட்டும் பெருசா இருக்கற சின்ன நண்டு உள்ள விழுந்து, அதுல மாட்டின பூச்சியெல்லாம் தின்னுட்டு உக்காந்திருக்கும். அப்புறம் உவர்மண் மேட்டுல மட்டும் புதைச்சோம். இந்த மாதிரி இடத்துல உள்ளூர்க்காரங்க பேச்சு ரொம்ப முக்கியம், கச்சான் காத்து அடிச்சா தண்ணி எங்க ஏறும், வாடையில எங்க ஏறும்னு அந்த அண்ணனுக்குத் தெரிஞ்ச அளவு எந்த மொபைல் ஆப்புக்கும் தெரியல. நான் செஞ்சதுல பாதி நேரம் அவர் சொல்றதை இவங்களுக்கும் இவங்க கேக்கறதை அவருக்கும் புரிய வெச்சதுதான். அதுவும் வேலைதான், கொறச்சு மதிப்பிடாதீங்க.

ராத்திரி லைட் ட்ராப்தான் பாக்க அழகு. வெள்ளைத் துணியைக் கட்டி அல்ட்ரா வயலட் பல்பு போடுவாங்க, அந்துப்பூச்சி வந்து அப்பும். எல்லாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறது இதுதான். அமாவாசைப் பக்கமா போட்டாதான் வரும், நிலா வெளிச்சம் இருந்தா பல்புக்கு மதிப்பு இல்ல. கடக்கரையில காத்து வேற, துணி பாயா விரிஞ்சு பறக்குது, ரெண்டு பேர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னோம். உருப்படியா எதுவும் வராத ராத்திரியும் உண்டு.

கடி பத்தி சொல்லணும். கொசு பரவாயில்ல. உப்புத் தண்ணியிலேயே முட்டையிட்டு வளர்ற கியூலெக்ஸ் சிட்டியன்ஸ் மாதிரி கொசுவெல்லாம் இங்க உண்டு, அதுக்கு ஓடோமாஸ் கேக்கும். பொடிக்கொசுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, கூலிகாய்டிஸ்னு பேரு, உண்மையில அது கொசுவே கிடையாது, கடிக்கிற ஒரு ஈ, ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசுவலை ஓட்டையில நுழைஞ்சு வந்துரும், பொழுது சாயற நேரத்துல ஈரச் சேத்துல இருந்து கெளம்பும். நான் கையைச் சொறிஞ்சுக்கிட்டே க்ளாஸுக்குப் போனப்ப இதைச் சொன்னேன், ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் வைரஸைப் பரப்பறது இந்தப் பூச்சி இனம்தான்னு. ஒன்பதாவதுல ஒரு பையன், அவங்க வீடு கீதாரி குடும்பம், அப்பா கிடை போட ஊர் ஊரா போறவர். எந்திரிச்சு, மழைக்கு அப்புறம்தான் டீச்சர் வரும், வாயி வீங்கும், எச்சி ஒழுகும், தாத்தா கிடையைத் தண்ணிப் பக்கம் போட விடமாட்டாரு, சாயங்காலம் புகை போடுவாருன்னு வரிசையா சொல்றான். அந்தப் பொடிக்கொசு ஈர மண்ணுல பெருகறதும் அந்திக்குக் கடிக்கிறதும் டீம்ல எனக்குச் சொன்ன விஷயம், பையன் வீட்டுல அதைத் தாத்தா காலத்துல இருந்து செஞ்சுக்கிட்டு இருக்காங்க. இதை அந்த டீம்ல இருந்த பிஎச்.டி. பொண்ணுகிட்ட சொன்னேன், அக்கா அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு அடுத்த நாளே நோட்டோட வந்துருச்சு.

மரத்தையும் கிட்டப் பாருங்க. அலையாத்தி இலை மேல உப்புப் பூத்திருக்கும், வேர் உறிஞ்சின உப்பை இலை வழியா வெளிய தள்ளுது, நக்கிப் பாத்தேன், நல்லா கரிச்சுது. சில இலையில கொப்புளம் கொப்புளமா இருக்கும். ஒரு கொப்புளத்தை நகத்தால கீறச் சொன்னாங்க, உள்ள ஒரு சின்ன அறை, அதுல ஆரஞ்சு நிறத்துல ஒரு புழு சுருண்டு கிடக்கு, தலை எது வால் எதுன்னே தெரியல. ஒரு குட்டி ஈ இலைக்குள்ள முட்டை வெச்சுட்டுப் போயிருது, இலை தன்னோட திசுவாலேயே அந்தப் புழுவுக்கு வீடு கட்டிக் குடுக்குது. உப்புல நின்னு தன் பாட்டைப் பாக்கவே கஷ்டப்படற மரம், அதுக்கு இது வேற. தேக்கு மரத்தை மொட்டையடிக்கிற ஹிப்ளேயா பியூரா புழு அலையாத்தியையும் விடாது, மகாராஷ்டிரா கரையில காடு காடா மொட்டையாக்கி இருக்கு, ஆனா மரம் திரும்பத் துளிர்த்துரும்.

கால்வாய்த் தண்ணி மேல ஓடற பூச்சி ஒண்ணைக் காட்டினாங்க, குளத்துல நம்ம பாக்கற நீர்தாண்டியோட சொந்தக்காரன், ஹேலோபேட்ஸ். றெக்கையே கிடையாது. உலகத்துல இதுவரைக்கும் பேர் வெச்ச பூச்சி வகை சுமாரா பத்து லட்சம், அதுல நடுக்கடல்ல, கரையே பாக்காம வாழறது இந்த ஹேலோபேட்ஸ் இனத்துல ஒரு அஞ்சு வகை மட்டும்தான். மத்த ஹேலோபேட்ஸ் எல்லாம் இப்படிக் கரையோரம், அலையாத்திப் பக்கம்தான். இத்தனை லட்சத்துல கடல் ஏன் இவ்வளவு பேருக்கு ஒத்து வரலங்கறது பசங்க கிட்ட ஒரு பீரியட் முழுக்க ஓடுச்சு, பாடம் பின்தங்கிருச்சு, அது வேற கதை.

நிஜமான வேலை கரைக்கு வந்த அப்புறம்தான். ஊருக்குள்ள ஒரு ஹால் வாடகைக்கு எடுத்திருந்தாங்க, ஃபேன் சுத்தக் கூடாது, சுத்தினா பூச்சி பறந்துரும். வெள்ளை ட்ரேயில பாட்டிலைக் கவுத்தி, ப்ரஷ்ஷாலயும் ஃபோர்செப்ஸாலயும் ஈ ஒரு பக்கம், குளவி ஒரு பக்கம், வண்டு ஒரு பக்கம்னு பிரிக்கணும். மணிக்கணக்கா. கழுத்து போயிரும். எனக்கு இது பிடிச்சிருந்துச்சு, பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்திப் பழகினவங்களுக்கு உக்காந்து ஒரே வேலையைப் பாக்கற பொறுமை இருக்கும்ல. மைக்ராஸ்கோப்புல வெச்ச அப்புறம்தான் தூசின்னு நெனச்சது குளவின்னு தெரியும். மைமாரிடே குடும்பத்துக் குளவி ஒண்ணு, மத்த பூச்சியோட முட்டைக்குள்ள முட்டை வெக்கிறது, மொத்த உடம்பே ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ, றெக்கை ஒரு குச்சி கணக்கா ஒல்லி, ஓரம் முழுக்க நீள மயிர். அதை ப்ரஷ் நுனியில தொட்டு எடுத்து வேற குப்பிக்கு மாத்தறப்ப நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் லேபிள். இடம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்தப் பொறி, யார் எடுத்தது, எல்லாம் பென்சில்ல எழுதி ஆல்கஹாலுக்குள்ளேயே போடணும், பால்பாயிண்ட் பேனா மை அதுல கரைஞ்சு போயிரும். லேபிள் இல்லாத பூச்சி வெறும் செத்த பூச்சி, குப்பையில போட வேண்டியதுதான்னு டீம் லீடர் கறாரா சொல்லிட்டாரு. என் கையெழுத்து நல்லா இருக்குன்னு கடைசி வரைக்கும் லேபிள் என் தலையில. டிஎன்ஏ பாக்கறதுக்குன்னா ஸ்ட்ராங்கான ஆல்கஹால்ல தனியா வெச்சு, ஒரு காலை மட்டும் ஒடிச்சு அனுப்பறாங்க, சிஓஐங்கற ஒரு ஜீனோட துண்டைப் படிச்சா எந்த வகைன்னு ஒப்பிட்டுப் பாக்கலாமாம்.

கொல்றது எனக்கு ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. க்ளாஸ்லயும் ஒரு பொண்ணு அதையே கேட்டுச்சு, போட்டோ எடுத்தா பத்தாதா டீச்சர்னு. பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் போட்டோ பத்தும், இந்தக் குட்டிக் குளவிக்கும் ஈக்கும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெக்காம வகை சொல்லவே முடியாது. காரணம் புரியுது. இருந்தாலும் ஒரு பாட்டில்ல ஆயிரக்கணக்குல கிடக்கறதைப் பாத்தா சங்கடம்தான், அது தீரல.

ஸ்கூலுக்கு நான் கொண்டு வந்தது மஞ்ச கிண்ணம் மட்டும்தான். கிரவுண்டுல சீமைக்கருவேலத்துக்கு அடியில சிலது, கோயில் பக்கம் நிக்கற உகா மரத்துக்கு அடியில சிலதுன்னு வெச்சோம். உகா பக்கம்தான் நெறைய விழுந்துச்சு, பசங்க உடனே கருவேலம் மோசம்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. ஒரு தடவை வெச்சது டேட்டா ஆகாது, வேற வேற நாள்ல, வேற வேற இடத்துல வெக்கணும்னு சொல்லி நோட்டை மூட விடாம வெச்சிருக்கேன். நேஷனல் கிரீன் கார்ப்ஸ்ங்கற ஸ்கூல் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பு என்கிட்ட இருக்கறதால இது அதுலேயே ஓடுது.

நீங்க போறதா இருந்தா ரெண்டு விஷயம் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. வனத்துறை பர்மிஷன் அவங்க கையில இருக்கா, அதுல உங்க பேர் இருக்கா. மன்னார் வளைகுடாப் பக்கம்னா அங்க இருக்கற தீவுங்க 1986-லயே தேசியப் பூங்கா ஆனது, கடற்கரைதானேன்னு வலையைத் தூக்கிட்டுப் போயிர முடியாது. ஸ்கூல்ல ஆன் டியூட்டி (ஓ.டி.) கிடைக்கிறதுக்கும் அந்த லெட்டர் உதவும், வாயால சொன்னா எந்த எச்.எம்.மும் கையெழுத்துப் போட மாட்டாங்க. இன்னொண்ணு, பூச்சி எல்லாம் எங்க போகுது, கடைசி லிஸ்ட் ஸ்கூலுக்குத் தருவாங்களா. தர்றோம்னுதான் சொல்வாங்க, ஊருக்குப் போனா மறந்துருவாங்க, கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, வேலை அப்படி, நீங்க மெயில் போட்டுக்கிட்டே இருங்க. எனக்கு வந்துச்சு, நல்லா லேட்டா. பாதிக்கு மேல வகைப் பேரே இல்ல, பேரினத்தோட நிறுத்தி பக்கத்துல எஸ்பின்னு, அதாவது வகை தெரியலன்னு போட்டிருக்காங்க, அந்தக் கொப்புளத்துக்குள்ள இருந்த ஆரஞ்சுப் புழுவுக்கு அதுவும் இல்ல, குடும்பத்தோட சரி.