புத்தக அலமாரியின் முதுகைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்றைப் பார்த்தேன். பர்மா தேக்கு, நூறு வருஷத்துப் பொருள் என்கிறார்கள். எப்படி நம்புவது? (வாசகி, திருச்சி)

நம்புவது இருக்கட்டும் அம்மா, முதலில் அதைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தச் சொல்லுங்கள். அந்தத் தெருவுக்குப் போகிற எல்லோரும் பாலிஷிலும் பித்தளைக் கைப்பிடியிலும் மயங்கிப் போகிறோம், விஷயம் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து முதுகுப் பலகையில் விரலை ஓட்டுங்கள். கையால் இழைப்புளி பிடித்த பலகை என்றால் லேசான மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று பாலிஷும் போட்டிருக்க மாட்டார்கள். பிளைவுட் இருந்தால் பிற்பாடு மாற்றியது. அதற்காகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் இழுப்பறை இருந்தால் முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். மூலையில் பலகையும் பலகையும் பல் பல்லாகக் கோத்திருக்கும், கையால் வெட்டிய பற்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஆணியாவது 1930களுக்கு அப்புறம் போட்டது. கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்துப் பாருங்கள், சுவர்க்கோடு நெளிந்தால் பழைய கண்ணாடி. இன்றைக்கு நாம் பார்க்கிற நெளிவில்லாத ஃப்ளோட் கண்ணாடி 1950களின் கடைசியில்தான் வந்தது. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், கண்ணாடியும் ஆணியும் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை.

செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு வந்தது உண்மை. அந்த வீடுகளில் பல இடிக்கப்பட்டபோது கதவும் நிலையும் உத்தரமும் இந்தக் கடைகளுக்கு வந்ததும் உண்மை. அந்த மரத்தை அறுத்துப் புதிதாக அலமாரி செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் மரம் நூறு வருஷத்தது, அலமாரி போன மாசத்தது. கண்டுபிடிக்க ஒரு வழி, சம்பந்தமில்லாத தழும்புகளைத் தேடுவது. புத்தகத் தட்டின் நடுவில் எதற்குக் கீல் பதித்த பள்ளம்? பக்கச் சட்டத்தில் தாழ்ப்பாள் துளையை ஏன் மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள்? வைரம் பாய்ந்த பழைய மரத்தில் செய்த புது அலமாரி ஒன்றும் மட்டமில்லை, தாராளமாக வாங்கலாம், ஆனால் புது அலமாரி விலைக்கு.

மாமனார் விட்டுப்போன புத்தகங்கள் சுமார் 600 இருக்கின்றன. பழைய அலமாரி ஒன்றில் அடங்குமா? ஃபிளாட்டில் இரண்டாவது மாடி. (வாசகி, சென்னை)

ஒன்றில் அடங்காது. ஒரு புத்தகம் சராசரியாக 2 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தாலே 12 மீட்டர், கிட்டத்தட்ட 40 அடி. மூன்றடி அகலத்தில் ஐந்து தட்டு உள்ள அலமாரியில் 15 அடிதான் கிடைக்கும், ஆக மூன்று அலமாரி.

இன்னொன்று, ஆழத்தை அளக்காமல் வாங்காதீர்கள். புத்தக அலமாரி என்று விற்பதில் பாதி துணி அலமாரி, இல்லாவிட்டால் பாத்திர அலமாரி. உள்ளே ஒன்றரை அடி ஆழம் இருக்கும். நம் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி அளவு, அகலம் 14 சென்டிமீட்டர், அதற்குப் பத்து அங்குலமே தாராளம். ஆழம் கூடினால் பின்வரிசை, முன்வரிசை என்று இரண்டாக அடுக்கத் தோன்றும், பின்வரிசைக்குப் போன புத்தகத்தை அப்புறம் யாரும் தொடுவதே இல்லை. மாமனார் படித்த புத்தகங்கள் உங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். ஒரு மீட்டர் வரிசை 20 கிலோவுக்குக் குறையாது, அதனால் தட்டுப் பலகை ஓர் அங்குலமாவது தடிமன் இருக்கட்டும், நடுவில் ஏற்கெனவே தொய்ந்திருக்கிறதா என்று கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மாடிப்படி குறுகல் என்றால் பாரிஸ்டர் புக்கேஸ் தேடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற தனித்தனிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தூக்கி உள்ளே தள்ளுகிற கண்ணாடிக் கதவு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த குளோப் வெர்னிக்கி கம்பெனி இதில் பேர்போனது. வீடு மாறினால் பெட்டி பெட்டியாக இறக்கிவிடலாம். ஃபிளாட்டுக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வாங்கியதும் புதுசாகப் பாலிஷ் போட்டுவிடலாமா? (வாசகர், ஈரோடு)

அவசரப்படாதீர்கள் ஐயா. என்னிடம் ஓர் அலமாரி இருந்தது, கதவுச் சட்டத்தில் கை பட்டுப் பட்டுக் குமிழைச் சுற்றி மட்டும் தேன் நிறத்தில் ஒரு வட்டம். ஊருக்குப் போயிருந்த நேரத்தில் பாலிஷ்காரர் மிஷின் வைத்துத் தேய்த்து மெலமைன் என்கிற பளபளப்புப் பூச்சு அடித்துவிட்டார், திரும்பி வந்து பார்த்தால் ஓட்டல் மேஜை மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷம் எத்தனையோ பேர் கை பட்டு வந்த நிறம் அது, இனி வராது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பழைய பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்டது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் பிசுபிசுக்கும், அதுதான் அடையாளம். மேலே அதே அரக்குப் பாலிஷை ஒரு கை பூசினால் போதும். வெறும் அழுக்கு என்றால் ஈரம் பிழிந்த துணி, அப்புறம் தேன்மெழுகு.

தாத்தாவின் ஈட்டி மர அலமாரியை லண்டனில் இருக்கிற மகளுக்கு அனுப்ப முடியுமா? (வாசகர், மதுரை)

நூறு வருஷத்துக்குக் குறையாத கலை வேலைப்பாடுள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்குங்கள். ஈட்டி மரம் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் (சைட்டீஸ்) இருக்கிறது, அதற்குத் தனி அனுமதி. மகள் ஊருக்கு வரும்போது பார்க்கட்டும், அலமாரி இங்கேயே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அலமாரியின் அடியில் தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது. கரையானா? (வாசகி, தஞ்சாவூர்)

கரையான் என்றால் மண் தடம் இருக்கும். மாவு கொட்டினால் வண்டு, மரம் உளுக்கிறது. துளைக்குள் பாருங்கள், உள்ளே மரம் வெளிர் நிறமாக இருந்தால் இப்போது நடக்கிற வேலை, கருத்திருந்தால் என்றைக்கோ முடிந்த கதை. தேக்கில் நடுவில் இருக்கிற கெட்டியான வைரத்தை அவ்வளவு எளிதில் தொடாது, ஓரத்தில் வெளிர் நிறமாக இருக்கிற வெளிறைத்தான் தின்னும். அதனால் பயந்து அலமாரியை விற்றுவிடாதீர்கள். புத்தகங்களை வேறு அறைக்கு மாற்றுங்கள், துளைகளில் மருந்து ஏற்றச் சொல்லுங்கள், அடியில் கறுப்புத் தாள் விரித்துத் தினமும் பாருங்கள். இரண்டு மாசம் மாவு விழாவிட்டால் புத்தகங்களைத் திரும்ப அடுக்கலாம். அடுக்கும்போது ஒவ்வொன்றாக விரித்துத் தட்டுங்கள், ராமபாணப் பூச்சி ஒன்றிரண்டு ஓடும். தட்டு மூலைகளில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள், உங்கள் ஊர் ஐப்பசி மழையில் சுவர் ஓதம் முதலில் ஏறுவது முதுகுப் பலகையில்தான்.