பாத்ரூம் சுவரில் நாங்களே அடித்த பெயிண்ட் உரிந்துவிட்டது, அட்வான்ஸில் கழிப்பாராம் ஓனர்

கேள்வி: தமிழ்நாட்டில் மூன்று வருடமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ஜன்னல் இல்லாத குட்டி பாத்ரூம், குடிவந்தபோதே சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தது, கை பட்டால் சுண்ணாம்பு உதிரும். இரண்டாவது மாதமே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "பார்க்கலாம்" என்று ஓனர் பதில் போட்டார், அதோடு சரி. போன வருடம் நாங்களே பெயிண்ட் அடித்துக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டேன், "உங்க இஷ்டம்" என்றார். அடித்தோம். ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பி உரிந்துவிட்டது. இப்போது காலி செய்கிறோம். பெயிண்ட் அடித்துச் சுவரைக் கெடுத்துவிட்டீர்கள், பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசுகிற செலவு, வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிற செலவு எல்லாவற்றையும் அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். முடியுமா?

பதில்: அவர் சொல்கிற அளவுக்கு முடியாது. அதற்காக நீங்கள் ஒரு பைசா தர மாட்டேன் என்று நின்றாலும் எடுபடாது.

சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108 சொல்வது இதுதான்: வாடகைக்கு எடுத்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படித் திருப்பித் தர வேண்டும், புழங்கியதால் வருகிற இயல்பான தேய்மானம் நீங்கலாக. அதாவது வாங்கியதைவிட நல்ல நிலையில் திருப்பித் தரச் சட்டம் கேட்கவில்லை. உதிர்கிற சுவரை வாங்கியவர் வழவழப்பான சுவரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். குழாய் வாஷர், வாஷ்பேசின் ரிப்பேர் மாதிரியானவை வாடகைக்கு இருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, நீங்கள் உண்டாக்காத கட்டமைப்புப் பழுது எல்லாம் ஓனர் தலையில்.

ஆக, வழக்கு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: சுவர் கெட்டதால் பெயிண்ட் உரிந்ததா, பெயிண்டால் சுவர் கெட்டதா?

இதற்கு வக்கீலைவிட ஒரு நல்ல பெயிண்டர்தான் சரியான ஆள். ஆனாலும் உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சுண்ணாம்புத் தூளும் மணலும் அப்பிக்கொண்டு வந்திருந்தால், பெயிண்ட் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, விட்டுக்கொடுத்தது சுவர். பின்பக்கம் சுத்தமாக இருந்தால், அடியில் இருந்த பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ப்ரைமரும் அடிக்காமல் மேலே அடித்திருக்கிறீர்கள், அந்த வேலைக் குறை உங்களுடையது (அப்போதும் போனது நீங்கள் அடித்த பெயிண்ட்தான், பூச்சு அல்ல). சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளேயிருந்து ஈரம் வருகிறது, பெரும்பாலும் குழாய்க் கசிவு அல்லது தரையிலிருந்து ஏறுகிற ஓதம், நீங்கள் பிரஷ்ஷால் உண்டாக்கக் கூடியது அல்ல. மேடு பள்ளத்துக்கு டார்ச் லைட்டைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள், அலை அலையாகத் தெரியும், அது கொத்தனார் கைவேலை.

உங்கள் பலவீனம், அனுமதி எழுத்தில் இல்லாதது. "உங்க இஷ்டம்" என்பது சம்மதம்தான், ஆனால் அவர் நாளைக்குச் சொல்லவே இல்லை என்றால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. எனவே இன்றைக்கே நாகரிகமாக ஒரு மெசேஜ் போடுங்கள்: போன வருடம் போனில் நீங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் பாத்ரூமுக்குப் பெயிண்ட் அடித்தோம், குடிவந்தபோதே சுவர் உதிர்ந்ததற்கு அனுப்பிய போட்டோ இதே சாட்டில் இருக்கிறது, என்று. அவர் சண்டை போட்டுப் பதில் எழுதினாலும் பரவாயில்லை, பல நேரம் கோபத்தில்தான் உண்மை எழுத்தில் வரும். அந்தப் பழைய சாட்தான் உங்கள் உயிர்நாடி. போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் 2023 (இப்போதைய சாட்சியச் சட்டம்), பிரிவு 63இன்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் சேர்க்க வேண்டியிருக்கும், ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் மட்டும் போதாது.

அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவாக இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும், ஆனால் அதையும் வாங்கிக்கொண்டு தனியாக வீடு முழுக்கப் பெயிண்ட் என்று இரண்டு தடவை வாங்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 நியாயமான இழப்பீட்டைத்தான் தருகிறது, எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. பாத்ரூமில் உரிந்ததற்கு ஹாலுக்கு ஏன் பெயிண்ட் என்று கேட்டால் அவரிடம் என்ன பதில் இருக்கும் என்று தெரியவில்லை.

2017 சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் வழக்கு. ஒப்பந்தம் வாடகை அதிகார அமைப்பில் (2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்கிற அரசு அலுவலகம்) பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து எங்கே போவது என்பது மாறும், அதனால் காகிதங்களோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் நீங்களாகவே கழித்துக்கொள்ளாதீர்கள், சும்மா இருந்தவருக்கு நீங்களே ஒரு புகாரை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொன்று, போகிற அவசரத்தில் அந்தச் சுவரைச் சுரண்டவோ மேலே பட்டி வைத்துப் பூசவோ வேண்டாம், உங்களுக்காகப் பேசப்போவது அதுதான். சாவி கொடுக்கிற அன்று அவரையும் நிற்கவைத்து வீடியோ எடுங்கள். டைல்ஸிலும் குழாயிலும் தெறித்த பெயிண்டை மட்டும் அதற்கு முன்னாலேயே துடைத்துவிடுங்கள், அது சந்தேகமில்லாமல் உங்கள் கணக்கு.