கட்டளை வரியில் கொடுத்ததை அசெம்பிளியில் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கே: லினக்ஸில் நாஸ்ம் என்ற அசெம்பிளரில் 64 பிட் அசெம்பிளி பழகுகிறேன் சார். புரோகிராமை ஓட்டும்போது கூடவே கொடுக்கும் ஃபைல் பெயரை எங்கிருந்து எடுப்பது?

ப: ஸ்டாக்கிலிருந்து, அதாவது புரோகிராம் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதியிலிருந்து. புரோகிராமின் தொடக்கப் புள்ளியான _ஸ்டார்ட் ஓடத் தொடங்கும் முன்பே, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எல்லாவற்றையும் அங்கே அடுக்கி வைத்துவிடும். ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர் ஆர்எஸ்பி. அது காட்டும் இடத்தில், புரோகிராம் பெயரையும் சேர்த்துச் சொற்களின் எண்ணிக்கை, அதாவது ஆர்க்சி. +8-ல் புரோகிராம் பெயரின் முகவரி. நீங்கள் கொடுத்த முதல் சொல்லின் முகவரி +16-ல். இப்படியே எட்டெட்டு பைட்டாகப் போய் ஒரு பூஜ்யத்தில் முடியும். அதற்கப்புறம் சூழல் மாறிகள்.

ஆக, மூவ் ஆர்டிஐ, [ஆர்எஸ்பி+16] என்றால் பெயரின் முகவரி கைக்கு வந்துவிடும். அதற்கு முன் எண்ணிக்கை 2-ஆவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். அதை முகவரியாக எடுத்துப் படித்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற பிழையோடு புரோகிராம் நின்றுவிடும். ஒரு புஷ் போட்டாலும் ஆர்எஸ்பி எட்டு பைட் நகர்ந்துவிடும், கணக்கெல்லாம் தப்பும். முதல் வரியிலேயே ஆர்எஸ்பியின் மதிப்பை ஆர்12 ரெஜிஸ்டரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அதே கோடுதான் அண்ணா. _ஸ்டார்ட்டுக்குப் பதில் மெயின் என்று பெயர் வைத்து, ஜிசிசி என்ற சி கம்பைலரில் லிங்க் செய்தால் குப்பை வருகிறது.

ப: இப்போது உங்களை அழைப்பது கெர்னல் இல்லை, சி நூலகம். ஸ்டாக்கின் உச்சியில் திரும்பிப் போகும் முகவரி உட்கார்ந்திருக்கிறது. எண்ணிக்கை ஈடிஐயில், முகவரிப் பட்டியல் ஆர்எஸ்ஐயில் வரும். முதல் சொல் [ஆர்எஸ்ஐ+8]. அசெம்பிளியில் இந்த விஷயத்தைத் தொடும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, என்னை அழைத்தது யார் என்பதுதான். பிரின்ட்எஃப் போன்ற சி ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இந்த இரண்டு ரெஜிஸ்டரும் அழியலாம், முன்பே பத்திரப்படுத்துங்கள்.

கே: 5 கொடுத்தால் 53 வருகிறதே?

ப: வருவது எழுத்து, எண் அல்ல. '5' என்ற எழுத்தின் ஆஸ்கி மதிப்பு 53. ஒவ்வொரு எழுத்திலும் 48 கழித்து, அதுவரை சேர்த்ததைப் பத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். பூஜ்ய பைட் வந்ததும் நிறுத்துங்கள்.

கே: எங்கள் லேபில் 8086 புராசசர், டாஸை ஓட்டும் டாஸ்பாக்ஸ், மாஸ்ம் என்ற அசெம்பிளர்தான். அதில் ஸ்டாக்கில் ஒன்றையும் காணோம்.

ப: டாஸில் அது பிஎஸ்பி என்ற, புரோகிராமுக்கு முன்னால் டாஸ் அமைக்கும் 256 பைட் பகுதியில் இருக்கும். 80ஹெச்-இல் நீளம், 81ஹெச் முதல் நீங்கள் தட்டியது அப்படியே, முன்னால் உள்ள இடைவெளியோடு, முடிவில் என்டர் விசையின் குறியீடான 0டிஹெச். சொல் சொல்லாகப் பிரிப்பது உங்கள் வேலை. இஎக்ஸ்இ ஃபைல் என்றால் தொடக்கத்தில் டிஎஸ், இஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் இரண்டும் பிஎஸ்பியைக் காட்டும். மூவ் டிஎஸ், ஏஎக்ஸ் போட்டதும் டிஎஸ் கைவிட்டுப் போகும், அப்புறம் இஎஸ் வழியாகப் படியுங்கள்.

கே: விண்டோஸில்?

ப: கெட்கமாண்ட்லைன்டபிள்யூ என்ற விண்டோஸ் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், முழு வரியும் ஒரே சரமாகக் கிடைக்கும். பிரித்துத் தர கமாண்ட்லைன்டுஆர்க்விடபிள்யூ இருக்கிறது.

கே: லினக்ஸில் கால்குலேட்டர் எழுதினேன். 6 * 7 கொடுத்தால் ஆர்க்சி தாறுமாறாக ஏறுகிறது.

ப: உங்கள் கோடில் பிழை இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்ததும், நீங்கள் தட்டுவதைப் படிக்கும் ஷெல் நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களையெல்லாம் அந்த இடத்தில் போட்டுவிடுகிறது. 6 '*' 7 என்று மேற்கோளுக்குள் கொடுத்துப் பாருங்கள், ஆர்க்சி 4 வரும்.