இருட்டில் வந்த பள்ளிப் பேருந்து

கேள்வி: தோட்டத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டிய என் தாத்தா, 1982இல் பிள்ளைகளைத் திடீரென இருட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று என்பார். அப்படி என்ன நடந்தது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தாத்தா சொன்னது சரியே. 1982 ஜனவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாகும்படி அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. சூரியன் மட்டும் பழையபடியே உதித்ததால், கடிகாரத்தைப் பார்த்துப் புறப்பட்ட பேருந்துக்கு விடியல் அரை மணி பிந்தியது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கு (மலாய் மொழிக்குப் பழக்கும் ஓராண்டு வகுப்பு) சென்ற எனக்கும் அந்த இருட்டு நினைவிருக்கிறது. ரப்பர் மரங்களுக்கிடையே முதலில் விளக்கொளி தெரியும். பிறகுதான் இஞ்சின் சத்தம் கேட்கும். வராத பிள்ளைக்காக எங்கள் ஓட்டுநர் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தைத் திரும்பிப் பார்ப்பார். அந்த வீட்டில் விளக்கு எரிந்தால் பிள்ளை இன்னும் சட்டை மாட்டுகிறது என்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அணைந்திருந்தால், பெற்றோர் பால்வெட்டுக்குப் போய்விட்ட வீட்டைப் பூட்டிக்கொண்டு அது ஓடி வருகிறது என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். (பாதி நாள் அந்தப் பிள்ளை நான்தான்.)